தைலம் காய்ச்ச பச்சை இலையா, காய்ந்த இலையா?

கேள்வி: வீட்டில் துளசியும் நொச்சியும் நிறைய இருக்கின்றன. எண்ணெயில் ஊறவைத்து, தேன்மெழுகு சேர்த்துக் களிம்பாக்கலாம் என்று பார்க்கிறேன். இலையைப் பறித்ததும் போடலாமா, காயவைக்கணுமா? மெழுகு எவ்வளவு?

பதில்: காயவையுங்கள், அதுவும் நிழலில். பச்சை இலையின் ஈரம் எண்ணெயில் இறங்கினால் அடியில் கலங்கலாக நிற்கும், அப்புறம் பூஞ்சணம்தான். கையில் நொறுக்கினால் சருகு மாதிரி பொடியணும், நடுநரம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பாட்டிலும் சொட்டு ஈரமில்லாமல் இருக்கட்டும்.

பதில்: மெழுகு ஒரு பங்குக்கு எண்ணெய் நாலைந்து பங்கு, எடை போட்டு எடுங்கள். நேரடித் தீ வேண்டாம், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டால் உடனே உறையும், விரலால் தேய்த்துப் பார்த்து இறுகலாக இருந்தால் எண்ணெய், இளகலாக இருந்தால் மெழுகு சேர்க்கலாம்.

பதில்: இதோடு ஒன்று. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைத்துவிட்டு உள்ளுக்குச் சாப்பிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றுப்படாத இடத்தில் பொட்டுலிசம் கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்கும், வாசனையிலோ ருசியிலோ தெரியாது.

கேள்வி கேட்டவர்: சரி, இலையைக் கட்டித் தொங்கவிட்டாச்சு. திறந்த புண்ணில் போடலாமா?

பதில்: வேண்டாம். நல்ல தோலிலும் முதலில் முன்னங்கையில் துளி தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள்.