நாலு எலுமிச்சை, 3.8 வோல்ட், எல்இடி மட்டும் எரியவில்லை

கரண்ட்கம்பி
ஒரு சமூக மன்றத்தின் அறிவியல் மேசை. சுற்றிலும் தொடக்கநிலை 5 பிள்ளைகள். நாலு எலுமிச்சை, ஒவ்வொன்றிலும் துத்தநாகம் பூசிய ஓர் ஆணியும் ஒரு செம்புக் கம்பியும். முதலைப்பிடி ஒயரில் தொடராகக் கோத்தாகிவிட்டது. மல்டிமீட்டர் 3.8 காட்டுகிறது. சிவப்பு எல்இடிக்கு 1.8 இருந்தால் தாராளம். மாட்டினால் மினுக்கல்கூட இல்லை. எல்இடியின் இரண்டு கால்களிலும் மீட்டரை வைத்தால் 1.6. "அங்கிள், பழம் செத்துப்போச்சா?" என்றது ஒரு வாண்டு. மீதி 2.2 வோல்ட் எங்கே போனது என்று சொல்வதற்குள் அடுத்த குழு வந்துவிட்டது. அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

துத்தநாகம்
எங்கேயும் போகவில்லை, பழத்துக்குள்ளேயே அதன் சொந்தத் தடையில் (உள்தடை) விழுந்துவிடுகிறது. மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அது பழத்திடம் மின்னோட்டம் ஏதும் கேட்பதில்லை, அதனால் பழமும் முழு வோல்ட்டைக் காட்டுகிறது. எல்இடி அப்படியல்ல, அதற்கு மின்னோட்டம் வேண்டும்.

ஒரே ஒரு பழத்தின் குறுக்கே 1 கிலோ ஓம் தடை ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். 0.95 காட்டிய பழம் 0.16க்கு இறங்கினால், உள்தடை = 1000 × (0.95 − 0.16) ÷ 0.16, கிட்டத்தட்ட 5 கிலோ ஓம். நாலு பழம் தொடரில் 20 கிலோ ஓம். 2.2 வோல்ட்டை 20 ஆயிரத்தால் வகுத்தால் 0.1 மில்லி ஆம்பியர் சொச்சம். 20 மில்லி ஆம்பியருக்குச் செய்த பழைய ரக எல்இடி அதில் எரிந்தாலும் மன்றத்தின் டியூப் லைட் வெளிச்சத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. கையால் மூடிப் பார்த்திருந்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்திருக்கலாம்.

பழத்தின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், உள்தடையும் சேர்ந்தே கூடும். தகட்டின் பரப்பைக் கூட்டுங்கள். சாப்பாட்டுக் கடையில் மிளகாய்ச் சாந்து ஊற்றித் தரும் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் நாலு, ஒவ்வொன்றிலும் பிழிந்த சாறு, 2க்கு 5 செ.மீ. செம்புத் தகடு, அதே அளவில் துத்தநாகத் தகடு, நடுவே 1 செ.மீ. இடைவெளி. அரைத் தேக்கரண்டி உப்பு போட்டால் தடை இன்னும் இறங்கும். சாறு வழிந்து இரண்டு கிண்ணம் ஒன்றோடொன்று நனைந்தால் அந்த இரண்டும் சேர்ந்து ஒரு கிண்ணத்தின் வோல்ட்தான் தரும். ஐஸ் தட்டில் செய்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். எல்இடியின் நீளக் கால் செம்புப் பக்கம். எல்இடி வாங்கும்போது பளிச்சென்று எரியும் ரகமாகக் கேளுங்கள், சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதி சிம் லிம் டவரில் கிடைக்கும். முடிந்ததும் சாற்றைக் கொட்டிவிடவும், அதில் துத்தநாகம் கரைந்திருக்கிறது.

உயர்நிலை_வேதியியல்
0.95 என்பதே குறைவு. துத்தநாகம்–செம்பு என்றால் 1.10 வரவேண்டும், எல்லாப் பாடநூலிலும் அப்படித்தான். மீட்டர் பேட்டரியைப் பாருங்கள். இல்லையென்றால் ஆணியில் பூச்சு போயிருக்கும். எஃகு வெளியே தெரிந்தால் அரை வோல்ட் பக்கம் இறங்கிவிடும்.

துத்தநாகம்
ஆணி விஷயம் சரி. 1.10 விஷயம் சரியில்லை. அது டேனியல் 1836இல் செய்த கலத்தின் கணக்கு, அதில் செம்பு நிற்பது செம்புச் சல்ஃபேட் கரைசலில். எலுமிச்சையில் செம்பு அயனி ஏது? துத்தநாகம் இரண்டு எலெக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலெக்ட்ரானைச் செம்பின் மேற்பரப்பில் வாங்கிக்கொள்வது சாற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனி. கரைந்திருக்கும் ஆக்சிஜனும் கொஞ்சம் பங்கு கேட்கும். செம்பு வெறும் மேடை, ஆட்டக்காரன் இல்லை. ஹைட்ரஜன் குமிழி செம்பில் படியப் படிய வோல்ட் இறங்கும். தகட்டைத் துடைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஏறும். மீட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

தேக்கா_பசங்க
எனக்கு உறுத்துவது வேறு. ஒரு துணைப்பாட வகுப்பில் எழுதிப்போட்டிருந்த வரி: "எலெக்ட்ரான்கள் மின்கலத்திலிருந்து மின்னல் வேகத்தில் ஓடி விளக்கில் தீர்ந்துபோகின்றன." ஒரே வரியில் இரண்டு தப்பு. தீர்ந்துபோவதில்லை. எல்இடிக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் வைத்தால் இரண்டிலும் ஒரே எண்தான். வேகத்தை இந்தப் பழத்தை வைத்தே கணக்குப் போடலாம். செம்பில் ஒரு கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ கட்டற்ற எலெக்ட்ரான்கள். ஒயரின் குறுக்குப் பரப்பு 0.5 சதுர மி.மீ., ஓட்டம் 0.1 மில்லி ஆம்பியர். நகர்வு நாளொன்றுக்கு 1.3 மி.மீ. கூட இல்லை. 30 செ.மீ. ஒயரைக் கடக்கக் கிட்டத்தட்ட எட்டு மாதம்! துத்தநாகத்தில் இன்று புறப்பட்டது எல்இடிக்கு வந்துசேர்வதற்குள் பழம் அழுகி, காய்ந்து, குப்பைக்கே போயிருக்கும். ஆனாலும் இணைத்த நொடியே எல்இடி எரிகிறது. தேர் வடத்தை முன்னால் இழுத்ததும் பின்னால் தேர் அசைகிறதே, அப்படித்தான். ஒயர் முழுக்க எலெக்ட்ரான் முன்பே நிரம்பி நிற்கிறது. விரைந்து போவது தள்ளல் மட்டுமே.

காகிதத்துண்டு
பழத்தை விடுங்க, நிலைமின் சோதனை பாருங்க. காலை வகுப்பு. பிவிசி குழாயைக் கம்பளித் துணியில் தேய் தேயென்று தேய்த்தாலும் ஒரு டிஷ்யூ துண்டுகூட எழும்பவில்லை. அதே குழாய், அதே துணி, மழை இல்லாத மதியம் மூன்று மணிக்கு ஏழெட்டுத் துண்டைத் தூக்கியது. சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், வெயில் மதியத்தில் 60 பக்கம் இறங்கும். பலரும் "ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது" என்கிறார்கள். காற்று அல்ல. குழாயின் மேல் படியும் மெல்லிய நீர்ப் படலமும் கை வியர்வையின் உப்பும்தான் மின்னூட்டத்தை ஒழுகவிடுகின்றன. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், ஹேர் டிரையரில் ஒரு நிமிடம் காட்டுங்கள், துணியையும் சேர்த்து. பிறகு தேய்க்கும் முனையை விரலால் தொடக்கூடாது. கண்ணாடிக் கோலும் பட்டும் இந்த ஊருக்கு ஆகாது. கண்ணாடி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஃபியூஸ்_போச்சு
மேலே அம்மீட்டர் என்றதும் ஒரு காட்சி ஞாபகம். யாரோ மில்லி ஆம்பியர் நிலையில் வைத்து நேராக ஒரு ஏஏ பேட்டரியின் இரண்டு முனையிலும் தொட்டார்கள். எண் ஒரு கணம் துள்ளி, சுழியம். "பேட்டரி காலி" என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். காலியானது மீட்டரின் ஃபியூஸ்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். ஓட்டம் அளக்கும்போது மீட்டர் வெறும் ஒயர் மாதிரி, எப்போதும் சுற்றை வெட்டி நடுவில் வைக்க வேண்டும். ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, ஓம் நிலையில் வைத்து, வோல்ட்–ஓம் துளையில் செருகிய சிவப்பு ஒயரின் கூர்முனையை அதே மீட்டரின் மில்லி ஆம்பியர் துளைக்குள் விடுங்கள். பல மீட்டரில் இது செல்லும். சில ஓம் காட்டினால் சரி, ஒன்றுமே காட்டாவிட்டால் போச்சு. மாற்றும்போது அதே ஆம்பியர், அதே வேக ரகம். பீங்கான் ஃபியூஸ் இருந்த இடத்தில் கண்ணாடியைப் போடாதீர்கள். மலிவு மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இருக்காது. சிவப்பு ஒயரை அங்கே மறந்துவிட்டு 230 வோல்ட் பிளக் பாயிண்டில் வைத்தால் கையிலேயே வெடிக்கும். அளந்து முடித்ததும் ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரை மேசையில் வைக்க வேண்டும். இன்னொன்று, நம்மூர் மூன்று முனை பிளக்கில் நீளமான எர்த் முனை உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளையின் மூடி திறக்கும். எர்த் துளையில் குச்சியைக் குத்தி மூடியைத் திறக்கும் வித்தையைப் பிள்ளைகள் முன்னால் தயவுசெய்து காட்டாதீர்கள்.

வடக்குமுள்
அதே மேசையில் பக்கத்திலேயே திசைகாட்டி வைத்து "ஒயரில் மின்சாரம் போனால் முள் ஆடும்" என்று யாராவது காட்டப் பார்த்தார்களா? பழத்தின் 0.1 மில்லி ஆம்பியரில் ஆடவே ஆடாது. 1 செ.மீ. தள்ளி அதன் காந்தப்புலம் புவியின் கிடைப்புலத்தில் (தரைக்கு இணையான காந்தப்புலம்) இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். 1 ஆம்பியர் வேண்டும், அப்போது 20 மைக்ரோடெஸ்லா. இங்கே புவியின் கிடைப்புலம் சுமார் 40. முள் 27 பாகை திரும்பும். ஒயரை வடக்கு–தெற்காக முள்ளுக்கு மேலே பிடியுங்கள், கிழக்கு–மேற்காகப் பிடித்தால் அநேகமாக ஆடாது. ஏஏ பேட்டரியை 1 ஓம், 5 வாட் தடையோடு இரண்டு நொடி மட்டும் இணையுங்கள், ஓட்டம் 1 ஆம்பியருக்குப் பக்கத்தில் வரும். வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணுக்கு அருகே வேண்டாம். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி முள்ளை முன்பே இழுத்து வைத்திருக்கும்.

கரண்ட்கம்பி
பழைய பழத்திலேயே 1 கிலோ ஓம் வைத்துப் பார்த்தேன், 0.14. சாஸ் கிண்ணம், தகடு, உப்பு எல்லாம் சேர்த்த பிறகு 0.71. மூன்று கிண்ணத்திலேயே எல்இடி டியூப் லைட்டுக்குக் கீழே தெரிகிறது. @துத்தநாகம், பத்து நிமிடத்தில் மங்கிவிட்டது, செம்பைத் துடைத்ததும் திரும்பி வந்தது. குமிழிதானே?