சேணம் குதிரைக்கா, நமக்கா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோபிக்காரன்:
ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மார்வாரி இனப் பெட்டைக் குதிரை, நல்ல கருப்பு. சுழி பார்க்க ஊரிலிருந்தே ஆளைக் கூட்டிப் போயிருந்தேன். சேணம் ஒரு நண்பரிடமிருந்து கைமாறியது, கான்பூர்ச் சரக்கு, இருக்கை 17 அங்குலம். உட்கார்ந்தால் சோபா மாதிரி. அதோடு சேண விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒருநாள் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றினால் முதுகு முழுக்க வேர்வை. பிடரி முடிகிற மேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்து கிடந்தது. 'அங்கே காற்றுப் போகிறது போல, நல்லதுதான்' என்று துடைத்துவிட்டுப் போய்விட்டேன். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது காதை மடக்கிக்கொண்டு கையைக் கடிக்க வரும். திமிர் என்று அதட்டுவேன். அப்புறம் முடி உதிர்ந்து புதுசு வந்தபோது அந்த இரண்டு இடத்திலும் வெள்ளை. சுண்ணாம்பு விரலைத் தேய்த்துவிட்ட மாதிரி. அங்கே காய்ந்து கிடந்தது காற்றால் இல்லை, சேணத்தின் அழுத்தத்தால் என்று அப்போதுதான் புரிந்தது. சேணத்தை மாற்றிவிட்டேன், கடிப்பதும் நின்றுவிட்டது. வெள்ளை மட்டும் போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் 'பிறவியிலேயே இருக்கிறதா?' என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஈசிஆர் சவாரி:
எனக்கு நேர்மாறு. சென்னையில் பழகினேன். கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரை. அதற்கு அளவு பார்த்துப் போட்ட சேணம், மேட்டில் கொஞ்சமும் உரசாது. எனக்குத்தான் தொடை நீளம். முட்டி சேணத்தின் முன் விளிம்பைத் தாண்டி நிற்கும், இடுப்பு பின்னால் சரியும், பாதம் முன்னால் போகும். 'நாற்காலியில் உட்காராதே' என்று மாஸ்டர் ஒன்றரை வருடம் கத்தினார். இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே போய்வந்தேன்.

ஒருநாள் அந்தச் சேணம் தையலுக்குப் போயிருந்தது. வேறொன்று போட்டுக் கொடுத்தார்கள், பதினேழரை அங்குலம், பக்க மடலும் நீளம். ஏறியதும் கால் தானாக இடுப்புக்கு நேர் கீழே தொங்கியது. நான் ஒன்றுமே செய்யவில்லை. மாஸ்டர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'இன்றைக்குத்தான் புரிந்ததா?' என்றார். சேணம் மாறியது அவர் கண்ணில் படவே இல்லை. அந்த ஒரு வரி இன்னும் எரிகிறது.

பழைய லாயம்:
கோபித் தம்பி, காய்ந்த இடமென்றாலே அழுத்தம் என்று எழுதிவைத்தால் புதுப்பிள்ளைகள் குழம்புவார்கள். சேணம் தொடாத இடமும் காய்ந்துதான் இருக்கும். முன்னும் பின்னும் மட்டும் தாங்கி நடுவில் பாலம் போல நின்றால் நடுமுதுகு நனையாது. உங்களுக்கு வெள்ளை முடியும் வந்ததால் அழுத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வளைந்துகொடுக்கிற வயர் ஒன்றைத் தோள் எலும்புக்குச் சற்றுப் பின்னால் முதுகின் குறுக்கே அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடைக்குக் குதிரையைக் கூட்டிப்போக முடியாது, அட்டை பையில் வரும். சேணத்துக்குள் இருக்கும் சட்டம் அந்த வளைவோடு போகவேண்டும். மார்வாரிக்கு முதுகு ஒடுக்கம், மேடு உயரம். நாட்டுமட்டக் குதிரைக்குச் சரியாக இருந்ததை அதன்மேல் போட்டால் முன்பக்கம் இறங்கி உட்காரும். முதலில் மெத்தை எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள். நீங்கள் ஏறிய பிறகும் மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் போகவேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்பு நெடுக வெளிச்சம் தெரியவேண்டும். கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் போகவே கூடாது, அதற்கப்புறம் பாரம் தாங்க அங்கே ஒன்றும் இல்லை. குதிரை மேய்ந்து கொழுத்தாலோ இளைத்தாலோ அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரையுங்கள்.

என் கதையா? ஏற்கெனவே இறுக்கமான சேணத்துக்குக் கீழே பாவம் வலிக்குமே என்று கம்பளி வேறு மடித்துப் போட்டேன். சின்ன ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ். மூன்று வாரம் முதுகைத் தொடவே விடவில்லை. அவ்வளவுதான்.

கோடை ஏரிக்கரை:
நீங்கள் அட்டை வரைகிறீர்கள். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்றும் எங்களிடம் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் ஒரே சேணம்தான். ஆளுக்குத் தகுந்தாற்போல் கால் வைக்கும் அங்கவடியின் வார்த் துளையை மட்டும் மாற்றுவோம். ஏறுகிறவருக்கு அரை மணி நேரம், குதிரைக்கு நாள் முழுக்க. அதனால் குதிரைக்குப் பார்த்துத்தான் வாங்குவது.

போன சீசனில் ஒரு பெரிய ஆள், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தரையிலிருந்தே அங்கவடியில் தொங்கி ஏறினார். சேணம் அப்படியே சுழன்று வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. ஆள் கீழே. குதிரை ஒரு அடி நகரவில்லை, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அவரை அல்ல, என்னை. அதிலிருந்து கல்திட்டில் நிற்காமல் யாரையும் ஏற்றுவதில்லை.

பழைய லாயம்:
ஏற்றுவதற்கு முன் வாரை இரண்டாம் முறை இறுக்கினீர்களா? முதல் முறை குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும்.

கோடை ஏரிக்கரை:
இருபது வருடமாக இறுக்குகிறேன், ஐயா.

கோபிக்காரன்:
ஈசிஆர் அக்கா, ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பதினேழரை குதிரைக்குப் பொருந்தியதா?

ஈசிஆர் சவாரி:
நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அது எனக்கே தோன்றியது. கழற்றியபோது முதுகைப் பார்த்த ஞாபகம் இல்லை, தம்பி. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.