ஒட்டகச்சிவிங்கிக் குட்டிக்கு அம்மாவின் உடம்புத் திட்டுகள்தான் வருமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
லீவுக்கு மைசூரு உயிரியல் பூங்கா போயிருந்தோம். சேலம் குரும்பப்பட்டிப் பூங்காவில் புள்ளிமான் பார்த்துப் பழகிய என் மகள், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்த நாளிலிருந்து கேள்வி கேட்டே கொல்கிறாள். குட்டிக்குத் தாயின் திட்டுகள் அப்படியே வருமா, வளர வளர மாறுமா, எல்லாம் ஒரே இனமா? தேடினால் ஒரு இடத்தில் ஒன்பது வகை என்கிறார்கள், இன்னொரு இடத்தில் நான்கு. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கோரிமேடு விலங்கியல்:
அச்சு அசலாக வராது, சாயல் வரும். தான்சானியாவில் மசாய் வகைத் தாய்களையும் கன்றுகளையும் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வந்தது. திட்டு எவ்வளவு வட்டம், ஓரம் வழவழப்பா நெளிநெளியா, இந்த இரண்டும் தாய்வழியாக வருகின்றன. அதைவிட சுவாரசியம், பெரிய, ஒழுங்கில்லாத திட்டுள்ள கன்றுகள்தான் முதல் சில மாதங்களில் அதிகம் பிழைத்திருக்கின்றன. பிறந்தபோது இருக்கும் வடிவம் சாகும்வரை மாறாது, நிறம் மட்டும் வயதாக ஆக, முக்கியமாக ஆண்களுக்கு, கருத்துக்கொண்டே போகும்.
முன்பு ஒரே இனம், ஒன்பது உள்ளினம் என்றார்கள். 2016-ல் மரபணு ஆய்வு நான்கு இனம் என்றது, 2025-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் அதை ஏற்றுக்கொண்டது: வடக்கு, தெற்கு, மசாய், வலைப்பின்னல். மசாய்க்குத் திட்டு திராட்சை இலை போல ஓரம் கிழிந்திருக்கும். வலைப்பின்னலுக்குப் பெரிய பழுப்புக் கட்டங்கள், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு.

ஏற்காடு அடிவாரம்:
நாலோ ஒன்பதோ, பிரித்து என்ன ஆகப்போகிறது?

கோரிமேடு விலங்கியல்:
நிறைய ஆகும். மொத்தமாக எண்ணினால் ஒரு லட்சத்துக்கு மேல், பயமில்லை என்று தோன்றும். வடக்கு இனம் மட்டும் தனியாக எண்ணினால் 7,000 சொச்சம்தான்.

ஓமலூர் கட்டுத்தரை:
மாடு வைத்திருப்பவன் என்பதால் பிரசவக் கதை நான் சொல்கிறேன். நம்ம மாட்டுக்கு ஒன்பது மாதம் சொச்சம், ஒட்டகச்சிவிங்கிக்குச் சினை சுமார் பதினைந்து மாதம். நின்றபடியேதான் ஈனும், முன்னங்கால் குளம்பு முதலில், அப்புறம் தலை, கன்று கிட்டத்தட்ட ஆறடி உயரத்திலிருந்து விழும், கொடி அறுந்துவிடும். கன்றே ஆறடி இருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். கொம்பு போன்ற முட்டுகள் பிறக்கும்போது மண்டையோடு படிந்திருப்பதால் தாய்க்குக் குத்தாது. பெண் ஒட்டகச்சிவிங்கி பருவத்தில் இருக்கிறதா என்று ஆண் எப்படிக் கண்டுபிடிக்கும் தெரியுமா, அதன் மூத்திரத்தை நாக்கில் பிடித்து மேலுதட்டைத் தூக்கும். நம்ம காளையும் அதைத்தான் செய்யும், சினை ஊசி வந்தபிறகு அதைப் பார்த்தவர்கள்தான் குறைவு. இந்தப் பத்தியை மகளிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்பது உங்கள் பாடு.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஹாஹா, நன்றிங்க. திட்டே இல்லாமல் ஒன்று பிறந்தது என்கிறாளே, உண்மையா?

கோரிமேடு விலங்கியல்:
உண்மைதான். 2023-ல் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துப் பூங்கா ஒன்றில் பிறந்தது, உடம்பு முழுக்க வெறும் பழுப்பு. அடுத்த முறை தாயையும் குட்டியையும் ஒப்பிட நினைத்தால் இரண்டையும் ஒரே பக்கத்திலிருந்து படமெடுக்கச் சொல்லுங்க, இடப்பக்கத் திட்டும் வலப்பக்கத் திட்டும் ஒரே விலங்கிலேயே வேறாக இருக்கும்.