நள்ளிரவில் அலறும் கார் அலாரம்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2012 மாடல் கார். செகண்ட்ஹேண்டில் வாங்கும்போதே வெளிக்கடையில் போட்ட அலாரம் அதில் இருந்தது. பத்து நாளாக ராத்திரி இரண்டு மணிக்குக் கத்துகிறது. பக்கத்து வீட்டு மாமா இப்போது என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதுவரை செய்தது: ரிமோட் பேட்டரி மாற்றினேன். அதிர்வை உணரும் ஷாக் சென்சாரின் சின்னத் திருகைத் திருப்பி உணர்திறனைக் குறைத்தேன். லாரி போனால் கத்துவது நின்றது, நள்ளிரவுக் கத்தல் நிற்கவில்லை. மழை பெய்த ராத்திரிகளில்தான் அதிகம். பானெட்டைத் திறந்து பார்த்தால், ஓரத்தில் இருக்கும், பானெட் திறந்ததை அலாரத்துக்குச் சொல்லும் பின் (pin) சுவிட்ச் துருப்பிடித்துப் பாதி அமுங்கியே நிற்கிறது. விரலால் அழுத்திவிட்டால் மெதுவாகத்தான் மேலே வருகிறது. எனக்குச் சந்தேகம் இதன்மேல்தான். பானெட் திறந்தால் இந்தச் சுவிட்ச் ஒயரை பாடியோடு எர்த் ஆக்கும்; உள்ளே ஈரம் புகுந்தால் மூடியிருந்தும் திறந்ததாக அலாரம் நினைத்துக்கொள்ளும் அல்லவா?

அந்த ஒயரை மட்டும் கழற்றி டேப் சுற்றி இரண்டு ராத்திரி விட்டுப் பார்க்கலாமா? அப்புறம் இன்னொன்று: காலையில் பேட்டரியில் 12.1 வோல்ட்தான் காட்டுகிறது. பேட்டரி பலவீனமானாலும் அலாரம் இப்படிக் கத்துமா, இல்லை கத்திக் கத்தித்தான் பேட்டரி இறங்குகிறதா?

மெக்கானிக் மொத்த அலாரத்தையும் பிடுங்கிவிடலாம் என்கிறார். இஞ்சினை நிறுத்தும் ரிலேயும் அதோடு சேர்ந்திருக்கிறது, அதனால் பயமாக இருக்கிறது. கழற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.