வடை போட்டா எண்ணெய் நுரைச்சுப் பொங்குது, அவசரம்!

தண்ணீரூற்று_பிள்ளை (வெள்ளி, காலை 6.12)
வணக்கம். வடை போட்ட உடன நுரை மேல ஏறித் தாச்சி விளிம்பால வழியுது. நேற்று அடுப்புக்குள்ள ஊத்துப்பட்டு நெருப்புப் பிடிக்கப் பாத்தது. வாற திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், கோயிலடியில கடை போடுறம். 600 வடைக்குக் கடலைப்பருப்பு வாங்கியாச்சு. ஏன் இப்பிடிப் பொங்குது? கெதியாச் சொல்லுங்கோ.

முறிகண்டிக்_கச்சான் (6.40)
என்ன எண்ணெய், என்ன தாச்சி, விறகோ காஸோ, எத்தினையாம் தரம் காயிற எண்ணெய்? ஒண்டும் சொல்லாமப் பொங்குது எண்டா நாங்கள் சாத்திரமோ பாக்கிறது தம்பி?

செக்கடி_ஐயா (6.52)
கடை எண்ணெய் எண்டா பொங்கத்தான் செய்யும். செக்கில ஆட்டின நல்லெண்ணெயில பொரிச்சுப் பாருங்கோ, வடை மணக்கும். எங்கட ஊரில முந்தி ஆர் போத்தில் எண்ணெய் வாங்கினது?

ஆய்வுகூடம்77 (7.15)
இதே கேள்விக்கு எத்தனை தரம் பதில் எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. உங்கள் எண்ணெய் புகைநிலையைத் தாண்டிவிட்டது. பொரிப்பதற்கு 170 முதல் 180 பாகை செல்சியஸ் போதும். சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் 177 அளவில் புகையத் தொடங்கும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் 225 வரை தாங்கும். முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள். அடிப்படை தெரியாமல் கடை போடக் கூடாது.

தண்ணீரூற்று_பிள்ளை (7.31)
நான் தம்பி இல்லை, தங்கச்சி. இரும்புத் தாச்சி, விறகடுப்பு. வெப்பமானிக்கு இப்ப எங்க போறது அண்ணை? எண்ணெய் புகையேல்ல, நுரைதான் வருது. வழமையான எண்ணெய்தான்.

முறிகண்டிக்_கச்சான் (7.34)
வழமையான எண்டா?

மல்லாவி_மச்சான் (7.50)
எங்கட அம்மம்மா பலகாரம் சுடேக்க எண்ணெய் பொங்கினா கொட்டை எடுத்த பழப்புளி கொஞ்சம் உருட்டிப் போடுவா. அது கருகின உடன எடுத்து எறிஞ்சிட்டுத் தொடங்குவா. தங்கச்சி, அப்பச்சோடா கிப்பச்சோடா போட்டனீங்களோ? தாச்சியைச் சவர்க்காரம் போட்டு மினுக்கிப்போட்டு வடிவா அலசேல்லை எண்டாலும் நுரைக்கும்.

ஆய்வுகூடம்77 (8.05)
புளியில் ஈரம் இருக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் ஈரத்தைப் போடச் சொல்கிறீர்களே, முகத்தில் தெறித்தால் யார் பொறுப்பு?

மல்லாவி_மச்சான் (8.09)
வடையில இல்லாத ஈரமோ அண்ணை?

தண்ணீரூற்று_பிள்ளை (8.30)
சோடா போடேல்ல. தாச்சி தேசிக்காயும் சாம்பலும் போட்டு மினுக்கி மூண்டு தண்ணியில கழுவினது. முட்டையும் இல்லை, ஆராவது கேக்க முதல் சொல்லுறன்.

செக்கடி_ஐயா (8.44)
நல்லெண்ணெய் வாங்குங்கோ எண்டு சொன்னனான்.

ஒட்டுசுட்டான்_தென்னை (9.02)
ஐயா, நல்லெண்ணெய் விக்கிற விலைக்கு 600 வடை சுட்டா பிள்ளை தோட்டை வித்துத்தான் கடன் கட்டோணும். பொரிக்கிறதுக்குத் தேங்காயெண்ணெய்தான் திறம். அதில 90 வீதம் நிரம்பிய கொழுப்பு, சூட்டில கெதியாக் கெடாது. சூரியகாந்தியில நாலு நாள் பொரிச்சுப்போட்டுத் தாச்சிக் காதைத் தொட்டுப் பாருங்கோ, பலாப்பால் மாதிரி ஒட்டும்.

ஆய்வுகூடம்77 (9.20)
கெடாது என்பது சரி. அந்த நிரம்பிய கொழுப்புத்தான் கூடாத கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது. 2017 இல் அமெரிக்க இருதயச் சங்கம் தேங்காயெண்ணெய் வேண்டாம் என்றே எழுதியது.

ஒட்டுசுட்டான்_தென்னை (9.26)
அமெரிக்காவில தென்னை எத்தினை நிக்குது?

முறிகண்டிக்_கச்சான் (9.33)
தொடங்கிட்டினம். 2021 இலயும் இதே சண்டைதான். மார்ச்சில இறக்குமதித் தேங்காயெண்ணெயில அப்ளாடொக்சின் எண்ட பூஞ்சண நஞ்சு எண்டாங்கள், ஏப்ரலில பாமாயில் இறக்குமதிக்குத் தடை எண்டாங்கள். இஞ்ச தேங்காய்க் கட்சியும் பாமாயில் கட்சியும் ஒரு மாசம் முகம் பாக்கேல்ல.

செக்கடி_ஐயா (9.41)
வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில அள்ளின உப்புத்தண்ணியில காட்டா விநாயகர் கோயிலில விளக்கெரியுது. அம்மாளாச்சிக்கு எண்ணெயே தேவையில்லை. நீங்கள் ஏன் பிடுங்குப்படுறியள்?

ரோல்ஸ்_அக்கா (10.10)
தங்கச்சி, இவையை விடுங்கோ. நான் கிளிநொச்சியில சோட்டீஸ், அதுதான் ரோல்ஸ் மாதிரிச் சிற்றுண்டி, செய்து கடையளுக்குக் குடுக்கிறன், 11 வருசம். ரெண்டு கேள்வி. நுரை எப்பிடி, பெரிய குமிழா வந்து சடசடவெண்டு உடையுதோ, இல்லாட்டிச் சவர்க்கார நுரை மாதிரிப் பொடிப்பொடியா ஏறி அடங்காம நிக்குதோ? மற்றது, கானுக்குள்ள முதல் இருந்தது என்ன எண்ணெய், பிறகு மேல ஊத்தினது என்ன?

தண்ணீரூற்று_பிள்ளை (10.48)
ஓமக்கா, பொடி நுரைதான். வடையைக் கண்ணால காணேலாது, அகப்பையால தடவித்தான் எடுக்கிறன். கானுக்குள்ள தேங்காயெண்ணெய் 3 போத்தில் இருந்தது. விலை கூடினபடியா சில்லறையா விக்கிற மரக்கறி எண்ணெய் 2 போத்தில் வாங்கி அதுக்குள்ள ஊத்தினனான். எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறது?

முறிகண்டிக்_கச்சான் (10.50)
இதைத்தான் பிள்ளை நான் விடிய 6.40க்குக் கேட்டனான்.

ரோல்ஸ்_அக்கா (11.15)
அதுதான் வியாதி. தேங்காயெண்ணெய் தனியப் பொங்காது, மரக்கறி எண்ணெயும் தனியப் பொங்காது. ரெண்டையும் கலந்து, ஈரச் சாமானைப் போட்டால் பொங்கும். தேங்காயெண்ணெயில பாதிக்குக் கிட்ட லோரிக் எண்ட கொழுப்பமிலம், அதின்ர கரிச்சங்கிலி சின்னன். பாமாயில், சோயா, சூரியகாந்தி எல்லாத்திலயும் நீட்டுச் சங்கிலி. கலந்தால் வடையில இருந்து வாற நீராவி குமிழாகி உடையாம நிக்கும். நானும் தொடக்கத்தில இப்பிடிக் கலந்து ஒரு தாச்சி எண்ணெயை அடுப்புக்குக் குடுத்தனான். அண்டைக்குப் பொசுங்கின இமை முளைக்க ரெண்டு மாசம் பிடிச்சது.

இன்னொண்டு, அந்த எண்ணெயில கடைசியாச் சுட்ட வடை நாக்கில சவர்க்காரம் மாதிரி இருந்ததோ? பருப்புத் தண்ணி சூட்டில எண்ணெயை உடைக்கும். தேங்காயெண்ணெய் உடைஞ்சால் லோரிக் வெளியில வரும், சவர்க்கார வாசம் அதாலதான். அப்பிடி மணந்தா அந்த எண்ணெய் சரிவராது.

ஆய்வுகூடம்77 (11.40)
கலந்தால் புகைநிலை கூடும் என்பதால்தான் பலரும் கலக்கிறார்கள். நுரைக்குக் காரணம் வேறாக இருக்கலாம். போத்தில் எண்ணெய் சிலவற்றில் நுரை அடக்கியாக 900 என்ற இலக்கமுடைய சேர்பொருளைச் சேர்ப்பார்கள், கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான் உச்சம். சில்லறை எண்ணெயில் அது இல்லாமல் இருக்கலாம்.

ரோல்ஸ்_அக்கா (11.52)
அண்ணை, கெதியாப் புகையிற எண்ணெய்க்குள்ள வேற எண்ணெயை ஊத்தினாப்போல அது புகையிறதை விடாது. பிள்ளைக்கு இப்ப புகையும் பிரச்சினை இல்லை. 900 விசயம் சரிதான், ஆனா சந்தேகம் எண்டா வாயால கதைக்கிறதை விட அடுப்பில பாக்கலாம். தங்கச்சி, சின்னத் தாச்சியில புதுத் தேங்காயெண்ணெய் ரெண்டு வடை மூடுற அளவுக்கு ஊத்திச் சுடுங்கோ. பிறகு துடைச்சுப்போட்டு மரக்கறி எண்ணெய் மட்டும் ஊத்தி ரெண்டு. எது அடங்கி நிக்குதோ அதை எடுங்கோ, திங்கள் முடியுமட்டும் மற்றதைத் தொடாதேங்கோ.

ஊற வச்ச பருப்பைத் தண்ணி வடிய வடிதட்டில அரை மணித்தியாலம் விடுங்கோ. தாச்சியில அரைவாசிக்கு மேல எண்ணெய் வேண்டாம். அடியில கருகிற பருப்புத் தூளை ஒவ்வொரு ஈட்டுக்கும் அரிச்சு எடுங்கோ. பக்கத்தில தாச்சி வாயளவு தகர மூடி இருக்கோணும். நெருப்புப் பிடிச்சால் மூடியைப் போட்டு விறகை இழுங்கோ. தண்ணி மட்டும் ஊத்திப்போடாதேங்கோ!

மல்லாவி_மச்சான் (12.20)
அப்ப புளி?

ரோல்ஸ்_அக்கா (12.31)
உங்கட அம்மம்மா எண்ணெய் கலந்திருக்க மாட்டா தம்பி. அவவுக்குப் புளி காணும்.

ஆய்வுகூடம்77 (13.05)
நான் சொன்ன வெப்பமும் முக்கியம்தான்.

ஒட்டுசுட்டான்_தென்னை (13.20)
கடைசியில தேங்காயெண்ணெய்தான் திறம் எண்டு முடிவாகீட்டுது.

ரோல்ஸ்_அக்கா (13.24)
நான் எங்க அப்பிடிச் சொன்னனான்?

முறிகண்டிக்_கச்சான் (ஞாயிறு, 19.10)
பிள்ளை, என்னாச்சு? ஆளைக் காணேல்ல.

தண்ணீரூற்று_பிள்ளை (செவ்வாய், 16.45)
தேங்காயெண்ணெயில மட்டும் சுட்டன். பொங்கேல்ல. விடியப்பறம் 2 மணிக்கே 600ம் முடிஞ்சுது, இன்னும் ஒரு 200 சுட்டிருக்கலாம். நித்திரை வருது. நன்றியக்கா.

மல்லாவி_மச்சான் (17.02)
அந்த 5 போத்தில் கலவையை என்ன செய்தனீங்கள்?

செக்கடி_ஐயா (18.30)
விளக்குக்கு ஊத்தட்டும். ஆனா விளக்குக்கும் இலுப்பெண்ணெய்தான் திறம்.

ஆய்வுகூடம்77 (18.41)
எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்?