பினாங்கிலிருந்து வந்த பழைய வாழ்த்து அட்டைகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டை ஒழித்தபோது, இரண்டாம் கட்டு அறையில் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. ரசீது, ஐந்தொகைத் தாள்களுக்கு நடுவே 23 தபால் அட்டைகள். எல்லாம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்து. பினாங்கில் கடை வைத்திருந்த ஐயாவுக்கு அங்கத்திய வாடிக்கைக்காரர்கள் அனுப்பியவை போல. பனியையே பார்க்காத மனிதருக்குப் பனி மூடிய தேவாலயப் படம்!

ஒன்றில் மணிகள் மேடாகப் புடைத்திருக்கின்றன. தடவினால் விரலுக்குத் தெரிகிறது. ஓரத்தில் 'ஜெர்மனியில் அச்சிட்டது' என்று பொடி எழுத்து. முதல் உலகப்போருக்கு முன் இந்த ரகம் பெரும்பாலும் அங்கேதான் அச்சானது. அதனால் 1914-க்கு முந்தையது என்று நினைக்கிறேன். பின்பக்கம் நடுக்கோடு போட்டுச் சேதிக்கும் முகவரிக்கும் தனித்தனி இடம். இங்கிலாந்தில் அதற்கு அனுமதி வந்ததே 1902-இல்தான். இடைப்பட்ட இந்தப் பன்னிரண்டு வருஷத்தை இன்னும் சுருக்க வழி உண்டா? தபால் தலையை யாரோ உரித்துவிட்டார்கள் (சித்தப்பா மேல் சந்தேகம்), முத்திரையில் பாதிதான் மிச்சம்.

அப்புறம், இதுதான் அவசரம்: நான்கு அட்டைகளை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. அப்பத்தா வசம்பு போடச் சொல்கிறார்கள். கறை படியுமோ என்று பயம். பிவிசி உறை ஆகாது, பாலியெஸ்டர் உறைதான் நல்லது என்கிறார்கள். மதுரையிலோ திருச்சியிலோ எங்கே கிடைக்கும்?

விற்கிற எண்ணம் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் மன்னிக்கவும்.