ஜாய் டிவிஷன் படங்களில் ஏன் யாருமே சிரிப்பதில்லை?

மழைக்கோட்டு:
ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பேஸ் கிதார்க்காரர் பீட்டர் ஹுக் பேசுவதைக் கேட்டால், இந்தப் பையன்கள் வேனுக்குள் அடித்த கூத்துக்கு அளவே இல்லை என்று தெரிகிறது. ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஆன்டன் கோர்பைன் எடுத்த சுரங்கப்பாதைப் படம் தெரியும்தானே? அந்தச் சோகம் நிஜமா, போட்டோகிராபர் கட்டிவிட்டதா? அப்புறம், ஒரே குழுவைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் கிட்டத்தட்ட முப்பது வருடம் சுற்றியது ஏன் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

இருட்டறை:
கல்யாண ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுப் பிழைத்தவன் நான். அதனால் முதலில் ஃபிலிம் கணக்கு. கெவின் கம்மின்ஸ் மான்செஸ்டர்க்காரர். 1979 ஜனவரி 6 அன்று ஹுல்ம் பகுதியில், எப்பிங் வாக் பாலத்தில், பனிக்குள் இவர்களை நிற்க வைத்து எடுத்தார். அப்போது ஃபிலிம் வாங்கவே காசு இழுபறி. எண்ணி எண்ணித்தான் பட்டனை அழுத்தினார். சிரிப்புக்கு ஃப்ரேமைச் செலவழிக்க மனமில்லை, தீவிரமான குழுவாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆக, சிரிப்பு இருந்தது. நெகட்டிவில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாலப் படத்தை உற்றுப் பாருங்கள். ஆட்கள் தூரத்தில் துளியூண்டு. மீதியெல்லாம் பனியும் வெளிறிய வானமும். இதைப் பிரிண்ட் போட உட்கார்ந்தால், பனியைக் காகித வெள்ளையாகவே விட்டுவிடத்தான் கை போகும். அங்கே கொஞ்சம் சாம்பல் ஏற்றினால்தான் குளிர் தெரியும்.

கோர்பைன் கதை வேறு. நெதர்லாந்தில் ஸ்ட்ரெய்ன் என்ற ஊர், அப்பா பாதிரியார். 1979 ஜூனில் ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம் ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ வருகிறது. அதைக் கேட்ட வேகத்தில் மூட்டை கட்டிக்கொண்டு லண்டன் வந்துவிட்டார். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். நவம்பரில் லங்காஸ்டர் கேட் டியூப் (சுரங்க ரயில்) ஸ்டேஷனில் அந்தப் படம்: மூன்று பேர் முதுகைக் காட்டி நடக்கிறார்கள், பாடகர் இயன் கர்ட்டிஸ் மட்டும் திரும்பிப் பார்க்கிறார். இசைப் பத்திரிகைக்கு வேண்டியது முகம். முதுகை யார் போடுவார்கள்? முதலில் ஒருவரும் சீண்டவில்லை.

1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. அதற்குப் பிறகு அந்தத் திரும்பிய தலையை யாராலும் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: நீங்கள் பார்க்கும் சோகத்தில் பாதி, படம் எடுத்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

முப்பது வருடக் கதைக்கு வருகிறேன். நான் அதைக் கடன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு ரெக்கார்டுக்காக ஊரை விட்டு வந்தவர். பழகிய சில மாதங்களில் பாடகர் போய்விட்டார். 1988இல் ‘அட்மாஸ்ஃபியர்’ பாட்டு மறுபடி வெளியானபோது வீடியோ எடுத்தவர் இவர்தான். அங்கி போர்த்திய உருவங்கள் குழுவின் பெரிய பெரிய படங்களை, உற்சவ மூர்த்தியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு நடக்கும். பிறகு யூ2, டெபேஷ் மோட் என்று பெரிய பெயர்களோடு வேலை செய்து நன்றாகவே சம்பாதித்தார். 2007இல் தன் முதல் கதைப்படமாக ‘கன்ட்ரோல்’ எடுத்தபோது சொந்தப் பணத்தையே அதில் கொட்டினார். கர்ட்டிஸ் கதைதான்.

நாலாம் தந்தி:
இருட்டறை அண்ணா, போட்டோகிராபர்களுக்கு ரொம்பத்தான் மார்க் போடுகிறீர்கள். ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ உறையில் ஆள் படமே கிடையாது. சிபி 1919 என்ற பல்சரின் (விட்டு விட்டு ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திரம்) அலைக்கோடுகளை வைத்து பீட்டர் சாவில் வடிவமைத்தது. முகம் தெரியாமல் வாங்கிக் கேட்டவனுக்கும் அடிவயிறு சில்லிட்டது. அது அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டின் கைவேலை. டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பதிவு செய்தார். ஹுக்குக்கும் கிதார் வாசித்த சம்னருக்கும் அந்த ஒலி பிடிக்கவே இல்லை. மேடையில் வாசிப்பதுபோல முரட்டுத்தனமாக வர வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள்.

இருட்டறை:
தம்பி சொல்வது சரி, ஹானெட் இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை. ஆனால் உறையில் முகம் இல்லாததால்தான் பத்திரிகையில் வந்த நாலு படங்களுக்கு அவ்வளவு கனம் ஏறியது. குழு இருந்ததே நாலு வருடத்துக்கும் குறைவு. பார்க்க வேறு என்ன கிடைத்தது?

மழைக்கோட்டு:
இரண்டு பேருக்கும் நன்றி. ‘கன்ட்ரோல்’ இன்னும் பார்க்கவில்லை. கோர்பைனின் பழைய படங்கள் மாதிரியே கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்ததா?

இருட்டறை:
கலர் ஃபிலிமில் எடுத்து, கறுப்பு வெள்ளையாகப் பிரிண்ட் போட்டது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் திரைக்கு கிரெய்ன், அதாவது ஃபிலிமின் புள்ளித் துகள், ரொம்ப முரடாக வந்ததாம். எனக்கு அழகு கொஞ்சம் கூடிப்போனதாகத்தான் பட்டது. ஆனால் நடிகர்களே வாசித்துப் பாடும் மேடைக் காட்சிகள் அபாரம். ஃபோனில் மட்டும் பார்க்காதீர்கள், நிழலுக்குள் இருப்பதெல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும்.